மெல்லிய சவ்வு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. ஹைட்ரஜன் உண்டாகும் பக்கத்தையும் ஆக்சிஜன் உண்டாகும் பக்கத்தையும் பிரித்து நிற்பது ஒரு சவ்வு. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் சவ்வின் டேட்டாஷீட்டில் முதலில் தேடுவது புரோட்டான் கடத்துதிறனை. அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், அந்தச் சவ்வு ஹைட்ரஜனை எவ்வளவு கசிய விடுகிறது என்று கேளுங்கள்.

புரோட்டானைக் கடத்தும் சவ்வுகளில் நாஃபியான் 117, நாஃபியான் 212 இரண்டும் ஒரே வகைப் பாலிமர். முதலாவது சுமார் 183 மைக்ரான் தடிமன், இரண்டாவது சுமார் 50. மெல்லியதில் மின்தடை குறைவு, அதனால் கரண்ட் செலவு மிச்சம். ஆனால் ஹைட்ரஜனும் அதன் வழியே எளிதாக ஆக்சிஜன் பக்கம் போய்விடும். முழுச் சுமையில் ஓடும்போது ஆக்சிஜன் நிறைய உண்டாவதால் இது பெரிதாகத் தெரியாது. சூரிய மின்சாரத்தில் ஓட்டினால்தான் சிக்கல். வெயில் தாழ்ந்து மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்காகிறது என்று வையுங்கள். உண்டாகும் ஆக்சிஜனும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அழுத்தம் மாறாதவரை கசிவோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். முழுச் சுமையில் ஆக்சிஜனுக்குள் 0.6 சதவீதமாக இருந்த ஹைட்ரஜன் இப்போது 3 சதவீதத்தை நெருங்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றக்கூடிய கலவை அது. அழுத்தம் கூடினால் கசிவும் கூடும், அதனால் ஹைட்ரஜன் பக்கத்தை 30 பார் அழுத்தத்தில் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் மெல்லிய சவ்வுக்கு மாறவே கூடாது. கசிந்து வரும் ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து மீண்டும் நீராக்க, சவ்வுக்குள்ளேயே கொஞ்சம் பிளாட்டினம் வைப்பதும் உண்டு. என் பார்வையில் அது நல்ல வழி.

சரி, காரக் கரைசலில் ஓடும் கருவிகளில் இந்தத் தொல்லை இல்லையா? அங்கே பயன்படும் ஸிர்ஃபான், பாலிசல்ஃபோனில் ஸிர்கோனியம் ஆக்சைடு கலந்த நுண்துளைத் தடுப்பு. 500 மைக்ரான் தடிமன் இருந்தாலும், துளைகளில் நிற்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியே வாயு கடக்கிறது. அதனால்தான் இவற்றையும் மிகக் குறைந்த சுமையில் ஓட்ட விடுவதில்லை. நிக்கல் மின்முனையே போதும் என்பது பெரிய லாபம். நாஃபியானின் அமிலச் சூழலுக்கு அரிதான இரிடியம் வேண்டும்.

புரோட்டானுக்குப் பதில் ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் எதிர்மின் அயனிச் சவ்வுகளிலும் நிக்கல் போதும், சவ்வும் நுண்துளையற்றது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் சூடான காரம் அதன் அம்மோனியம் தொகுதிகளையே அரிக்கிறது. எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள் என்று சப்ளையரிடம் கேளுங்கள்.

அப்புறம் தண்ணீர். குழாயிலிருந்து கரையும் சிறிதளவு இரும்பு அயனிகூட, கருவிக்குள் உண்டாகும் பெராக்சைடோடு சேர்ந்து நாஃபியானை அரிக்கும். சவ்வு மெலிய மெலியக் கசிவும் கூடும். நாஃபியான் அரிபடும்போது ஃபுளோரைடு வெளிவரும், அதனால் திரும்பி வரும் நீரில் அதன் அளவைத் தவறாமல் சோதியுங்கள். அது ஏறத் தொடங்கினால் மின்னழுத்தம் சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள், ஸ்டாக்கை (கலங்களின் அடுக்கை) நிறுத்திக் கசிவை அளந்துவிடுங்கள்.