பழைய கூட்டாளியைப் பற்றி எழுதும் முன்பு

கடந்த ஐப்பசி மழையில், 68 வயதான ஒருவர் தம் வாழ்க்கைக் குறிப்பின் தட்டச்சுப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு புதுச்சேரியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். 1980-களில் புதுச்சேரியிலும் கடலூரிலும் மாதா கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசித்த ஒரு ராக் இசைக்குழுவின் கிடாரிஸ்ட் அவர். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞர் படித்துவிட்டால் நல்லது என்று அவருடைய மகள் சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய அனுமதியோடு, ஆட்கள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

இசையைப் பற்றிய பக்கங்களை நான் மிகவும் விரும்பிப் படித்தேன். கடற்கரை மேடையின் உப்புக்காற்றில் கிடார் கம்பிகள் துருவேறிப்போவதை அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தார். ஆனால் குழு உடைந்த கதைக்கு வந்ததும் எழுத்தின் தொனியே மாறிவிட்டது. டிரம்ஸ் வாசித்தவர் கச்சேரிப் பணத்தில் கைவைத்தார் என்றும், குடியால் அவருடைய குடும்பம் பிரிந்தது என்றும் 11 பக்கங்கள் இருந்தன. காலமாகிவிட்ட பேஸ் கிடாரிஸ்டைப் பற்றி அதைவிடக் கடுமையான ஒரு பத்தியும் இருந்தது. நான் தயங்கியதைப் பார்த்து, "எல்லாம் நடந்ததுதானே சார், உண்மையை எழுத என்ன பயம்?" என்று கேட்டார்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உரிமையியல் வழக்கில், எழுதியது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அவதூறுக்கு அது போதுமான எதிர்வாதம். ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்கீழ் வரும் குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். இறந்தவர்தானே என்றும் எழுதிவிட முடியாது. அவர் உயிரோடு இருந்தால் அவருடைய மதிப்பைக் குலைத்திருக்கக்கூடிய ஒன்றை, குடும்பத்தாரின் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதினால், அதுவும் அவதூறாகலாம் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

அந்தரங்கம் இதிலிருந்து வேறுபட்டது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்ற சொந்த விஷயங்களை அவருடைய இசைவின்றி வெளியிடக் கூடாது, அது உண்மையாக இருந்தாலும் புகழ்ச்சியாக இருந்தாலும் இதுவே விதி என்று சொன்னது. பொது ஆவணங்களில் ஏற்கெனவே உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. டிரம்ஸ் வாசித்தவரின் குடும்பப் பிரிவு எந்த ஆவணத்திலும் இல்லை. பெயரை மாற்றிவிட்டால் போதுமா என்று கேட்டார். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் ஒரே ஒருவர்தான் என்பது ஊருக்கே தெரியும் என்றேன்.

பணக் கதையைத்தான் நாங்கள் நெடுநேரம் பேசினோம், ஏனென்றால் பழைய இசைக் கூட்டாளிகளின் மனக்கசப்பு பெரும்பாலும் எழுதப்படாத பங்கீட்டிலிருந்தே பிறக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1982 முதல் 1987 வரை இயங்கிய தி ஸ்மித்ஸ் குழுவில், பாடகர் மோரிசியும் கிடாரிஸ்ட் ஜானி மாரும் ஆளுக்கு 40 விழுக்காடு எடுத்துக்கொள்ள, மற்ற இருவருக்கும் தலா 10 கிடைத்தது. டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸ் தொடுத்த வழக்கில், பாடல் இயற்றிய வருமானம் நீங்கலான மற்ற லாபத்தில் அவருக்கு 25 விழுக்காடு உண்டு என்று 1996-இல் தீர்ப்பானது. வேறு ஒப்பந்தம் நிரூபிக்கப்படாததால் 1890-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி நால்வரும் சம பங்காளிகள் என்பதே அடிப்படை. தீர்ப்பு வந்து 17 ஆண்டுகள் கழித்து வெளியான மோரிசியின் சுயசரிதையில் அந்த வழக்கு மட்டும் பல பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. நம்முடைய 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சமமாகப் பிரியும் என்றே சொல்கிறது.

கலைந்துபோன கூட்டாண்மையின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான் அவகாசம். அது இவர்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவதூறுக்கு இழப்பீடு கேட்பதற்கான ஓராண்டு, நூல் வெளியாகும் நாளில்தான் தொடங்கும். பழைய பணத்தைத் திரும்பப் பெற வழியில்லாத நிலையில், புதிய வழக்குக்கு அவரே கதவைத் திறந்துவிடுகிறார் என்பதைச் சொன்னபோதுதான் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அந்தக் காலத்துக் கணக்கு நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பரணிலிருந்து எடுத்துவந்தார். டிரம்ஸ் வாசித்தவர் கைவைத்ததாக அவர் எழுதியிருந்த கடலூர்க் கச்சேரி அட்வான்ஸ், ஸ்பீக்கர் வாடகைக்கும் வேன் வாடகைக்கும் போனதாக அதில் பதிவாகியிருந்தது. எழுதியிருந்தது கிடாரிஸ்டின் சொந்தக் கையெழுத்தில். அவர் பொய் சொல்லவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகளாக அப்படித்தான் நம்பியிருந்தார்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவரே கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போய் டிரம்ஸ் வாசித்த நண்பரைப் பார்த்தார். 11 பக்கங்கள் இப்போது 4 பக்கங்களாகிவிட்டன. குடும்ப விஷயம் முழுவதும் நீங்கிவிட்டது. குழு உடைந்ததைப் பற்றி டிரம்ஸ் வாசித்தவர் தம் சொற்களில் ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்து, இரண்டையும் சேர்த்து வெளியிடலாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். பேஸ் கிடாரிஸ்டின் மனைவியிடம் அவரைப் பற்றிய அந்தப் பத்தியை என் கட்சிக்காரர் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதுவரை பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.