குதிரைக்குத் திமிர் என்று சொல்லுமுன் அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள்

அந்த மாதத்தில் அது மூன்றாவது அழைப்பு. ஓசூரிலிருந்து தளி போகிற சாலையில் ஒரு பண்ணை வீடு. போனில் கூப்பிட்டவர், "டாக்டர், குதிரைக்குத் திமிர் ஏறிப்போச்சு. சேணம் வைக்கவே விடமாட்டேங்குது. அடங்குற மாதிரி ஏதாவது ஊசி போட்டுவிடுங்க" என்றார்.

பக்கத்து ஊரில் ஒரு கறவை மாட்டுக்கு மடிநோய் பார்த்துவிட்டு அங்கே போனேன். ஏழு வயதுப் பெண் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம். பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் இப்படிப்பட்ட குதிரைகள் நம் பண்ணை வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. லாயத்தில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. முதுகெலும்புக்கு நாலு விரல் தள்ளி, தோள்மேட்டிலிருந்து (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) விரல் நுனியால் அழுத்திக்கொண்டே பின்னால் போனேன். சேணத்தின் பின்பாதி உட்காரும் இடம் வந்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டது. வாயில் பாதிப் புல் அப்படியே தொங்குகிறது. காது இரண்டும் பின்னால் மடிந்தன. என் விரலுக்குக் கீழே முதுகு பள்ளமாக இறங்கியது. கையை எடுத்தேன். நீளமாக ஒரு மூச்சு விட்டு மறுபடி மெல்ல ஆரம்பித்தது. திரும்ப அழுத்தினேன், திரும்ப அதேதான்.

தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை முடி. "வாங்கும்போது இல்ல டாக்டர், இங்க வந்த அப்புறம் வந்தது. ராசியான மச்சம்னு சொன்னாங்க" என்றார். சேணம் அழுத்தி அழுத்தி, முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போன இடம் அது. சுழி பார்த்துப் பார்த்துக் குதிரை வாங்குகிறவர்கள் இதையும் ஒரு முறை பார்க்கக் கூடாதா?

முதலில் இந்தத் 'திமிர்' விஷயத்தைப் பேசிவிடுகிறேன். "குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை" என்று போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் சொல்கிறார். அதன் குணம் என்ன தெரியுமா? வலியை மறைப்பது. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த இனம். நொண்டுகிற குதிரையைத்தான் அவை முதலில் பிடிக்கும். அதனால் நாய் மாதிரி கத்தாது, மாடு மாதிரி படுத்துக்கொள்ளாது. தாங்குகிறவரை தாங்கும். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவது, வாலைச் சுழற்றிக்கொண்டே இருப்பது, தலையை உதறுவது, கேன்டரில் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) முன்கால் ஒரு பக்கமும் பின்கால் வேறு பக்கமும் போவது, கடைசியாகத் துள்ளி ஆளைத் தள்ளுவது. இவை எல்லாம் அது பேசுகிற பேச்சு. ஆள் விழுந்த பிறகுதான் நமக்குக் காது கேட்கிறது.

சூ டைசன் என்ற இங்கிலாந்துக் குதிரை மருத்துவர், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலாக்கி 2018-இல் வெளியிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால், எங்கோ வலி இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் திமிர், முரட்டுத்தனம், சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சவுக்கை எடுக்கிற பல காரியங்கள் அதில் இருக்கின்றன.

"சைஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆள்) ஏறினா சும்மா இருக்கு, நான் ஏறினாத்தான் துள்ளுது. இது திமிர் இல்லாம என்ன?" என்றும் கேட்கிறார்கள். சைஸ் ஐம்பது கிலோ, உடம்பை விட்டுக்கொடுத்து உட்காருவார். நீங்கள் எண்பத்தைந்து கிலோ, ஒவ்வொரு அடிக்கும் மூட்டை மாதிரி தொப்பென்று இறங்குகிறீர்கள். எந்த முதுகுக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

முதுகைப் பற்றியும் கொஞ்சம். விலா பொருந்திய முள்ளெலும்புகள் 18, அதற்குப் பின்னால் இடுப்பில் 6. பாரத்தைத் தாங்குவது பதினெட்டாம் விலாவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். சேணம் அதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. இந்த எலும்புகளின் மேல்முனைகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். முதுகு பள்ளமானால் அவை ஒன்றையொன்று நெருங்கும், சில குதிரைகளில் உரசும். பெரும்பாலும் 13 முதல் 18 வரை, சரியாக ஆள் உட்காரும் இடத்தில். தரோபிரெட்டில் இது அதிகம். எக்ஸ்ரேயில் நெருக்கம் தெரிந்தும் வலியே இல்லாத குதிரைகளும் உண்டு. அதனால் படத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. கையும் நடையும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

முதுகைத் தூக்கிப் பிடிப்பதில் பெரிய பங்கு வயிற்றுத் தசைகளுக்கு. குதிரை கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தி நடக்கும்போது முதுகு மேலே எழும்பும். தலையை மேலே இழுத்துக் கட்டினால் இறங்கும். கல்யாண ஊர்வலத்தில் கழுத்தை வளைத்துக் கட்டி, நாலு மணி நேரம் மேளத்துக்கு ஆடவிட்டு, மேலே மாப்பிள்ளையையும் ஏற்றுகிறோமே, அந்தக் குதிரையின் முதுகை ஒரு நாள் தொட்டுப் பாருங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

"நம்ம ஊருக்குக் குதிரை புதுசு சார், யாருக்குத் தெரியும்" என்ற சமாதானமும் வேண்டாம். ஓசூர் பக்கத்தில் இருக்கிற மத்திகிரி அரசுக் கால்நடைப் பண்ணை 1824-இல் தொடங்கப்பட்டதே குதிரைக்காகத்தான்.

ஏறுவதற்கு முன் தினமும் இரண்டு பக்கமும் கையால் தடவிப் பாருங்கள், ஒரு நிமிடம் போதும். இறங்கியதும் சேணத்தை எடுத்துவிட்டு வியர்வையைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது. கீழே இன்னும் இரண்டு துணி மடித்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், சின்னச் செருப்புக்குள் தடி சாக்ஸ் போட்ட கதைதான். சேணத்தின் நடுப்பள்ளம் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். முந்நூறு கிலோ நாட்டுக் குதிரைக்கு அது அறுபது கிலோதான். மூன்று வயதுக் குட்டியில் பெரிய ஆள் ஏறாதீர்கள். முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். பின்கால் நொண்டலும் முதுகில் வந்து உட்காரும், லாடக்காரரைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெடிக்கலில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை வாங்கி நீங்களாகவே போடுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கால்நடைகளுக்கு அதைத் தரக்கூடாது என்று 2006-லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்றுதான் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதைவிட, வலியை மட்டும் அமுக்கிவிட்டு அதே சேணத்தை அதே புண்ணின் மேல் வைத்தால் குதிரையின் கதி என்ன?

தளி சாலைக் குதிரைக்கு ஊசி போடவில்லை. சேணத்தைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டினேன். ஆன்லைனில் வாங்கியது, அந்தத் தோள்மேட்டுக்குக் குறுகல். ஆறு வாரம் யாரும் ஏறக் கூடாது என்றேன். தினமும் கையில் பிடித்து மேட்டிலும் இறக்கத்திலும் நடத்தச் சொன்னேன், தீவனத்தைத் தரையில் வைக்கச் சொன்னேன். பெங்களூருக்கு எக்ஸ்ரேவுக்கும் எழுதிக்கொடுத்தேன். அவர் முகம் தொங்கிப்போனது. ஆனால் செய்கிறார். நான்காம் வாரம் ஒரு வீடியோ அனுப்பினார். மாந்தோப்பு வரப்பில் குதிரை தலையைத் தாழ்த்தி, வாலை ஆட்டாமல் நடந்து வருகிறது. பின்னால் அவர் குரல்: "பாருங்க டாக்டர், இப்ப நான் கை வச்சாலும் காதை மடிக்கல."