நிலைமம்: சொல் விளக்கம்

பேச்சில் 'இனர்ஷியா' என்கிறோம், பாடநூலில் 'நிலைமம்' என்று இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் பொருள் நின்றபடியே இருக்கும். ஓடிக்கொண்டிருப்பது அதே வேகத்தில், அதே திசையில் ஓடும். வெளியிலிருந்து ஒரு விசை வந்துதான் இதை மாற்ற வேண்டும். பொருளுக்கு உள்ள இந்தப் பண்பே நிலைமம். இதன் அளவு நிறை.

இலத்தீனில் 'இனெர்ஸ்' என்றால் திறனற்ற, சோம்பலான என்று பொருள். வானியலாளர் கெப்ளர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை இயற்பியலுக்குள் கொண்டுவந்தபோது, பொருள்கள் இருந்த இடத்தில் கிடக்கவே விரும்பும் என்ற கருத்தில்தான் ஆண்டார். இயங்கும் பொருளும் தன் இயக்கத்தை விடாது என்பதைச் சேர்த்து, 1687இல் நியூட்டன் பொருளை விரித்தார். ஆனால் அவரும் 'விசை' என்ற சொல்லை முன்னால் ஒட்டியே எழுதினார். இன்றும் பலர் 'நிலைம விசை தேரைப் பிடித்து வைத்திருக்கிறது' என்று எழுதுவதற்கு விதை அங்கேதான் இருக்கிறது. நிலைமம் எதையும் பிடித்து வைப்பதில்லை.

இலங்கைத் தமிழில் இதற்குச் 'சடத்துவம்' என்று பெயர். சடம் என்பது உணர்வற்றது, மந்தமானது. இலத்தீன் சொல்லுக்கு நெருக்கமான ஆக்கம், அதன் குறையும் கூடவே வந்துவிட்டது. 'நிலைமம்' நில் என்ற வேரிலிருந்து வருகிறது. ஆனால் நிலை என்பது நிற்பதை மட்டும் குறிக்காது, இருக்கும் தன்மையையும் குறிக்கும். ஓட்டமும் ஒரு நிலைதான். மூலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல்லே இங்கே சரியாக அமைந்திருக்கிறது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு 'நிலை' என்றதும் தேர் நிறுத்தும் இடமான தேர்நிலை நினைவுக்கு வரும். திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்வோம்: உயரம் 96 அடி, நிறை சுமார் 300 டன், அதாவது 3,00,000 கிலோகிராம். நின்ற தேரைப் பத்து வினாடியில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 15,000 நியூட்டன் விசை வேண்டும். ஆளுக்கு 150 நியூட்டன் இழுத்தால் நூறு பேர் போதும்! பிறகு ஏன் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தும் தேர் எளிதில் அசைவதில்லை? அச்சிலும் தரையிலும் உள்ள உராய்வு அத்தனை பெரிது. நின்றிருக்கும்போது அது இன்னும் கூடுதல். எல்லாரும் ஒரே கணத்தில் இழுப்பதும் இல்லை. 'ஆரூரா, தியாகேசா' என்ற குரல் ஒன்றாக எழும்போது இழுப்பும் ஒன்றாக விழுகிறது. ஆக, தேர் கிளம்பச் சிரமப்படுவதை மட்டும் நிலைமத்துக்கு உதாரணமாகச் சொல்வது பாதி உண்மை.

நிலைமம் தெளிவாகத் தெரிவது நிறுத்தும்போது. வடத்தைத் தளரவிட்டாலும் 300 டன் உடனே நிற்காது. அரை மீட்டர் வேகத்தில் வரும் தேரை ஒரு மீட்டருக்குள் நிறுத்த 37,500 நியூட்டன் வேண்டும். பத்து சென்டிமீட்டருக்குள் என்றால் அதைப்போல் பத்து மடங்கு. அதனால்தான் சக்கரத்துக்கு முன் போடும் முட்டுக்கட்டை ஆப்பு வடிவில் சரிந்திருக்கிறது. சக்கரம் மோதி நிற்காமல் அதன்மேல் ஏறுகிறது. பாதி எடையைத் தாங்கும் முன்சக்கரங்கள் சுமார் 2.5 சென்டிமீட்டர் ஏறினாலே அந்த வேகம் தீர்ந்துவிடும், உராய்வைக் கணக்கில் எடுக்காமலே. வேகம் இரண்டு மடங்கானால் 10 சென்டிமீட்டர் ஏற வேண்டும். கட்டை அதற்குள் நசுங்கலாம், தெறிக்கலாம். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தாமதித்து, மறுபக்கம் முன்னே போய், தேர் திரும்பும். வீதி முனையில் திருப்பும் வித்தை அதுவே. இப்போது இந்தத் தேரில் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது. ('முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டுகிறவர்கள் கட்டை போடுபவரின் வேலையைப் பார்த்ததில்லை போலும்.)

உந்தம் வேறு. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். நிலையில் நிற்கும் தேருக்கு அது சுழி. நிலைமமோ நின்றாலும் ஓடினாலும் ஒன்றே.

களத்தில் நெல் தூற்றும்போது காற்று மணியையும் பதரையும் ஏறக்குறைய ஒரே விசையில்தான் தள்ளுகிறது. பதருக்கு நிறை குறைவு, அதனால் நிலைமமும் குறைவு, முடுக்கம் அதிகம், தள்ளிப்போய் விழுகிறது.

சொல் பழகுவோருக்கு ஒரு எச்சரிக்கை. தமிழகப் பாடநூலில் நிறை கிலோகிராமில், எடை நியூட்டனில். இலங்கைப் பாடநூலில் கிலோகிராமில் வருவது திணிவு. 'நிறை' அங்கே நியூட்டனில் வரும். அந்த எண்ணை அப்படியே 'விசை = நிறை × முடுக்கம்' என்ற நம் சமன்பாட்டில் நிறையாகப் போட்டால் விடை 9.8 மடங்கு பிசகும்.