சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

பதினேழு ஆண்டுகள் ஓடிய என் எஸ்யூவியின் கீழே ஒருநாள் காலை பச்சை நிறத்தில் ஈரம் படிந்திருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் எங்கோ கசிகிறது. அன்றிரவு பழைய காகித அட்டை ஒன்றை விரித்து வைத்தேன். மறுநாள் அதில் மூன்று சொட்டுகள், மூன்றுமே கூலண்டை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு நேர் கீழே. ரேடியேட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் கசிவு இருந்தது, ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயான மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் முனையில். அங்கிருந்து திரவம் ஹோஸின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வழிந்து, ரேடியேட்டரின் விளிம்புக்கு வந்து சொட்டியிருக்கிறது.

கூலண்ட் ஏன் இவ்வளவு பிடிவாதமாக வெளியேறப் பார்க்கிறது? எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக அதற்குள் இறங்குகிறது. எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி கலந்த திரவம், திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங் சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளேயே பிடித்துவைப்பதால், கொதிநிலை ஏறத்தாழ 129 டிகிரிக்கு உயர்கிறது. பிரஷர் குக்கரின் கணக்கேதான். சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். 115 டிகிரியில் கொதிக்காமல் இருந்த திரவம் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். இன்ஜின் முழுவதும் ஆறி, மேல் ஹோஸை அமுக்கினால் தளர்வாக இருக்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எந்த அவசரமும் காரணமாகாது.

கசிவை உண்டாக்கும் அந்த அழுத்தமே அதைக் காட்டியும் கொடுக்கும். ஆறிய இன்ஜினில் மூடிக்குப் பதிலாக, கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அளவுவரை மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். முள் மெல்ல இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ஈரத்தைவிட நம்பகமான தடயம், காய்ந்த பொருக்கு. நீர் ஆவியான பிறகு கூலண்டில் உள்ள சேர்மானங்கள் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்து நிற்கும். என் ஹோஸின் முனையில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் ஓரமாக, அரிசி மணி அளவுக்கு அப்படி ஒரு படிவு இருந்தது.

பழைய ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. ரப்பரில் கலந்திருக்கும் கரி மின்சாரத்தைக் கடத்தும். உலோகக் குழாய், கூலண்ட், ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரிபோல வேலை செய்ய, உட்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அவை அதிகம் வருவது உலோகத்தைத் தொடும் முனைகளுக்கு அருகில். அதனால் வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. முனைக்குப் பக்கத்தில் இரு விரலால் கிள்ளிப் பாருங்கள்; நடுப்பகுதியைவிட அங்கே கொழகொழவென்று இருந்தாலோ, உள்ளே பள்ளம் தட்டுப்பட்டாலோ ஹோஸை மாற்றத்தான் வேண்டும்.

இரவில் கசிந்து பகலில் காய்ந்திருக்கும் கசிவு பலரையும் குழப்பும். சூட்டில் விரிந்து இறுக்கம் கொடுத்த, ஹோஸ் மாட்டியிருக்கும் குழாய்முனை, ஆறும்போது சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ரப்பருக்கு அதைத் தொடர்ந்து பற்றும் மீள்திறன் இல்லை. திருகு கிளாம்ப் போட்ட இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் கிளாம்ப் சுருக்கத்தோடு சேர்ந்து தானும் இறுகும். எனவே பழைய வண்டிக்கு நான் ஸ்பிரிங் கிளாம்பைத்தான் விரும்புகிறேன்.

கூலண்டைச் சுழலவைக்கும் வாட்டர் பம்பில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே திரவம் வழிந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது. வண்டிக்குள் இனிப்பான வாடையும் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான மூட்டமும் வந்தால், கசிவது ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலண்டால் வண்டிக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டர். வெளியே எங்குமே ஈரமில்லாமல் கூலண்ட் குறைந்து, சூடான இன்ஜினிலும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது வீட்டு வேலை அல்ல. கசிவை அடைக்கும் பொடிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஓட்டையை அடைக்கும் துகள், ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடக்கூடும்.

ஹோஸை மாற்றும்போது பழையதை முறுக்கி இழுக்காதீர்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து வயதில் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே நல்லது. கழுத்தில் ஒட்டிய பொருக்கைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். வடித்த கூலண்டை அப்போதே மூடிய டப்பாவில் ஊற்றிவிடுங்கள். அது இனிக்கும், நாயோ குழந்தையோ சிறிதளவு குடித்தாலும் சிறுநீரகம் செயலிழந்து உயிரே போகலாம்.

புதிய கூலண்டை ஊற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதன் முறை வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டில் சொன்னபடியே செய்யுங்கள். பிறகும் சில நாட்கள், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். எனக்கு முதல் இரண்டு நாட்கள் கொஞ்சம் இறங்கியது. எஞ்சிய காற்று வெளியேறிய பின் நின்றுவிட்டது. காகித அட்டையை ஒரு வாரம் அங்கேயே விட்டிருந்தேன். அதில் ஒரு சொட்டும் விழவில்லை.