கார்டைக் கழற்றுமுன் மில்லிஆம்பியரைப் பாருங்கள்

புதுவயல், காரைக்குடி வட்டாரத்து அரிசி ஆலைகளில் சீசன் சூடுபிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "சார், அனலாக் கார்டு போயிடுச்சு, புதுசு என்ன விலை?" ஆலையை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில், பிரஷர் போன்ற அளவுகளை வாங்கிப் படிக்கும் கார்டைத்தான் சொல்கிறார்கள். போனது கார்டுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "ஸ்கிரீன்ல ரீடிங் அசையல சார்" என்பார்கள். ரீடிங் அசையாததற்குக் கார்டும் ஒரு காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் டிரான்ஸ்மிட்டர் (அளவைக் கரண்டாக மாற்றி அனுப்பும் கருவி), கேபிள், ஃபியூஸ், 24 வோல்ட் சப்ளை, புரோகிராம், ஸ்கிரீன் என்று அதற்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கிறது. விலை கார்டுக்குத்தான் அதிகம். அதனாலோ என்னவோ பழியும் அதன் மேல்தான் முதலில் விழுகிறது.

வீண்செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். ரீடிங் எந்த எண்ணில், எப்படி நின்றிருக்கிறது என்று பார்க்காமல் கார்டை உருவினால் தடயமே போய்விடும். அதைவிட, ஆபத்தான ஒரு வகைக் கோளாறு கண்ணில் படாமலே தப்பித்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிரஷர், லெவல் போன்றவற்றை நம் ஆலைகளில் பெரும்பாலும் 4–20 மில்லிஆம்பியரில்தான் பிஎல்சிக்கு அனுப்புகிறோம். 0 முதல் 10 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) வரையுள்ள பிரஷர் டிரான்ஸ்மிட்டர் என்றால் 0-க்கு 4, 5 கிலோவுக்கு 12, 10 கிலோவுக்கு 20. பூஜ்யத்துக்கே 4 கொடுத்திருப்பதால், வயர் அறுந்து கரண்ட் 0 ஆனால் அது அளவு இல்லை, கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். நாமூர் என்ற, ஆலைக் கருவிகளைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் என்ஈ 43 பரிந்துரைப்படி 3.8-லிருந்து 20.5 வரைதான் அளவு. 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-க்கு மேலே ஏறினாலோ டிரான்ஸ்மிட்டரே "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்கிறது என்று அர்த்தம். ஆக, ஓரத்துக்குப் போய் நிற்கும் ரீடிங் நாணயமானது. நடுவில் உறைந்து நிற்பதைத்தான் நம்பக்கூடாது.

ஓர் ஆலையில் உமி பாய்லரின் ஸ்டீம் பிரஷர் 5 கிலோவில் நின்றுவிட்டது. செட் பாயிண்ட், அதாவது நமக்கு வேண்டிய அளவு, 7. பிஎல்சி என்ன செய்யும்? பிரஷர் பற்றவில்லை என்று நினைத்து ஃபேன் வேகத்தையும் உமியையும் ஏற்றிக்கொண்டே போனது. பாய்லர் மேலிருந்த கேஜ் 8-ஐத் தாண்டி, சேஃப்டி வால்வு ஊதிய பிறகுதான் ஆபரேட்டர் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினார். நான் போகும்போது புதுக் கார்டுக்கு ஆர்டர் போட ஆயத்தமாக இருந்தார்கள். லூப்பில் (டிரான்ஸ்மிட்டருக்கும் கார்டுக்கும் இடையே கரண்ட் ஓடும் சுற்று) மீட்டர் வைத்தால் 12.00. ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "அண்ணே, மீட்டரையே பாருங்க" என்றேன். அவரும் பார்த்தார். கேஜ் முள் இறங்கிக்கொண்டிருக்க, 12.00 அப்படியே நின்றது. டிரான்ஸ்மிட்டரைச் சரிபார்க்க வந்த யாரோ அதை லூப் டெஸ்டில் போட்டு 12 மில்லிஆம்பியரைக் கட்டிப்போட்டுவிட்டு, வெளியே எடுக்காமலே போயிருக்கிறார்கள். கார்டு தனக்கு வந்ததை ஒழுங்காகத்தான் படித்துக்கொண்டிருந்தது. புதுக் கார்டு போட்டிருந்தாலும் அதே 5 கிலோதான் வந்திருக்கும்.

இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. அதே வயரில் டிஜிட்டலாகவும் பேசும் ஹார்ட் (HART) டிரான்ஸ்மிட்டரின் அட்ரஸை 0-விலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் பல மாடல்களில் கரண்ட் 4-லேயே நின்றுவிடும். எவ்வளவு தேடினாலும் வயரிங்கில் தப்பு கிடைக்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நான் முதலில் கேட்பது, ஒரு சானல் (கார்டில் ஒரு டிரான்ஸ்மிட்டருக்கான இடம்) மட்டும் நின்றதா, கார்டில் உள்ள எல்லாமே நின்றதா என்றுதான். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் 24 வோல்ட் சப்ளை, முன்பக்க கனெக்டர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, கார்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பேனலிலேயே வேலை முடிந்துவிடும். ஒன்றுதான் என்றால் அந்த லூப்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து ஸ்கிரீனை விட்டுவிட்டு, லேப்டாப்பை மாட்டி பிஎல்சிக்குள் வரும், கிலோவாக மாற்றாத மூல எண்ணைப் பாருங்கள். சீமென்ஸ் எஸ்7-300 என்றால் 20 மில்லிஆம்பியருக்கு 27648. 4–20 அமைப்பில் வயர் அறுந்தால் 32767. பிராசஸ் ஓடும்போது உயிருள்ள சிக்னலின் கடைசி இலக்கங்கள் சும்மா இருக்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே எண் ஆடி, ஸ்கிரீனில் மட்டும் நின்றிருந்தால் ஸ்கிரீனுக்கும் பிஎல்சிக்கும் நடுவில்தான் கோளாறு. எண்ணே ஆடவில்லை என்றால்தான் டெர்மினலுக்குப் போக வேண்டும்.

அங்கே லூப்பை அறுத்து மீட்டரை வைக்க அவசரப்படாதீர்கள், இன்டர்லாக் (கோளாறு என்றால் தானே நிறுத்தும் பாதுகாப்பு) அடித்து பாய்லரே நின்றுவிடும். உள்ளே 250 ஓம் ரெசிஸ்டர் உள்ள கார்டு என்றால் சானலின் இரண்டு முனைகளிலும் டிசி வோல்ட் பார்த்தாலே போதும்: 4 மில்லிஆம்பியருக்கு 1 வோல்ட், 12-க்கு 3, 20-க்கு 5. எல்லாக் கார்டிலும் 250 இருக்காது, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட் ஏறி இறங்கியும் எண் அசையவில்லை என்றால் அப்போது கார்டைச் சந்தேகப்படலாம். சானலின் வயர்களைக் கழற்றிவிட்டு வேண்டிய கரண்டைக் கொடுக்கும் கேலிபரேட்டரால் 4, 12, 20 கொடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். கார்டே 24 வோல்ட் கொடுக்கும் டூ வயர் சானல் என்றால் கேலிபரேட்டரை டிரான்ஸ்மிட்டர் போல நடிக்கும் மோடில் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சப்ளை இருந்தால் ரீடிங்கை நம்ப முடியாது.

வோல்ட்டே வரவில்லை என்றால் ஃபியூஸ் டெர்மினலைத் திறந்து பாருங்கள், அப்புறம் ஜங்ஷன் பாக்ஸ். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். கேபிள் டிரேயில் அது கடித்துவைத்த வயரை எத்தனையோ ஆலைகளில் மாற்றியாயிற்று. நெல் அவிக்கும் இடத்தில் ஆவி, கேபிள் நுழையும் கிளாண்டு வழியாக உள்ளே போய், டெர்மினல் ஸ்க்ரூவில் பச்சை பூத்திருக்கும். அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, நம் ஊர் ஆலைகளிலோ கிளாண்டை இறுக்க ஆள் கிடைப்பதில்லை!

கார்டு உண்மையாகவே சாவதும் உண்டு. நான் பார்த்தவரை பெரும்பாலும் நாமே கொல்வதுதான். டிரான்ஸ்மிட்டரை நடுவில் விடாமல் 24 வோல்ட்டை நேரே சானலுக்குக் கொடுத்தால் அந்த 250 ஓமில் 96 மில்லிஆம்பியர் ஓடும், அதாவது 2.3 வாட். 20 மில்லிஆம்பியருக்கு அதில் வருவது 0.1 வாட்தான். பாதுகாப்பு இல்லாத கார்டில் ரெசிஸ்டர் கருகிவிடும். அடுத்தது இடி. சித்திரையில் நம் செம்மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் பிட்டின் ஓம் ஏறிவிடும். அந்த நேரத்தில் கோடைமழை இடியோடு வரும். எர்த் பிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் வருஷம் ஒருமுறையாவது அளந்து எழுதிவைப்பதும் கார்டு விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சிக்னல் கேபிளைச் சுற்றியுள்ள உலோகக் கவசமான சீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பார்ட் நம்பரோடு பக்கவாட்டு செட்டிங்கையும் பாருங்கள். எஸ்7-300-இல் பல அனலாக் கார்டுகளின் பக்கத்தில் சின்னக் கட்டை ஒன்று இருக்கும். சி என்றால் ஃபோர் வயர் (டிரான்ஸ்மிட்டருக்குத் தனி சப்ளை), டி என்றால் டூ வயர். அதைப் பழைய கார்டில் இருந்தபடி வைக்காமல் மாட்டினால் புதுக் கார்டும் ஊமைதான். எல்லா பிஎல்சியிலும் ஓட்டத்தில் கார்டை உருவ முடியாது என்பதால் பாய்லரை அணைத்துவிட்டு, பவரை நிறுத்திச் செய்யுங்கள்.

"ரீடிங் வர்ற வரைக்கும் ஒரு வேல்யூவை ஃபோர்ஸ் பண்ணி ஓட்டலாமா சார்?" என்று முதலாளிமார் கேட்பது வழக்கம். நெல் ஊறிக்கிடக்கும் அவசரம் எனக்கும் புரிகிறது. பாய்லர் பிரஷருக்கும் டிரம் லெவலுக்கும் (பாய்லருக்குள் உள்ள தண்ணீர் மட்டம்) நான் ஒத்துக்கொள்வதில்லை. ஃபோர்ஸ் செய்த 5 கிலோவும் லூப் டெஸ்டில் மாட்டிய 5 கிலோவும் பிஎல்சிக்கு ஒன்றுதான். தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்தும் மோப்ரே, இந்தக் கார்டை நம்பாமல் தனி வயரில் இருக்கிறதா என்று அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

ஒரு சானல் மட்டும் எரிந்திருந்தால் கார்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எரிந்ததன் காரணத்தைச் சரிசெய்த பிறகு, வயரைக் காலி சானலுக்கு மாற்றி, புரோகிராமில் அட்ரஸை மாற்றி, 4, 12, 20 கொடுத்துப் பார்த்துவிட்டு ஓட்டலாம். எரிந்த சானலில் சிவப்பு டேப் ஒட்டி, டிராயிங்கிலும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் தம்பி புது டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுபோய் அதில்தான் மாட்டுவார்.