உயில், மரணசாதனம், இறுதி விருப்பாவணம்

இணையத்தில் "உயில் எழுதுவது எப்படி" என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இந்தியச் சட்டத்தைச் சொல்லும் பக்கங்கள்தான். திருகோணமலையில் இருக்கும் ஒருவர் அங்கிருந்து ஒரு மாதிரிப் படிவத்தை இறக்கி, பெயர்களை நிரப்பி, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்து வைக்கச் செய்து அலுமாரியில் பூட்டி வைத்தால், அவர் காலமான பிறகு அந்தத் தாள் இங்கே செல்லாது. எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறோமோ, அந்தச் சொல் புழங்கும் ஊரின் சட்டமும் கூடவே வந்துவிடுகிறது.

உயில் என்பது ஆங்கிலத்தின் 'வில்' தமிழ் வாய்க்கு ஏற்ப மாறிய வடிவம். உயிர், உய்தல் என்ற சொற்களோடு முடிச்சுப் போடத் தோன்றும். அப்படி ஒரு தொடர்பும் கிடையாது. ஆங்கிலச் சொல்லின் அடிப்பொருள் விருப்பம் என்பதுதான்.

நம் பக்கத்து மூத்தவர்கள் மரணசாசனம் என்பார்கள், மரணசாதனம் என்றும் சொல்வார்கள். கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் இவை இரண்டு வேறு வடசொற்கள். சாசனம் என்றால் கட்டளை. கல்லிலும் செப்பேட்டிலும் அரசர் பொறித்தது சாசனம். திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீனோடு இருக்கும் அந்தச் சிதைந்த கல்வெட்டை நாம் அப்படித்தான் குறிப்பிடுகிறோம். சாதனம் என்பது ஒரு காரியத்தை நிறைவேற்றும் கருவி, ஒன்றை மெய்ப்பிக்கும் பத்திரம். கோயிலுக்குச் சொத்து எழுதிவைக்கும் பத்திரத்தைத் தருமசாதனம் என்று சொல்வது இந்தப் பொருளில்தான். என்னைக் கேட்டால் சாதனமே பொருத்தம். எழுதியவர் அரசரைப்போல் கட்டளையிட்டுவிட்டுப் போக முடியாது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் அவர் சொன்னது நடக்கும்.

இலங்கையின் சட்டத் தமிழில் இதற்கு இறுதி விருப்பாவணம் என்று பெயர். சிங்களத்தில் 'அந்திம கெமதி பத்திரய' என்பதும் இதே அமைப்புத்தான். விருப்பு, ஆவணம் என்ற இரு பகுதிகளில் ஆவணம் பழைய சொல். சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர் காட்டியதும் ஓர் ஆவணம்தானே. சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தபோது, கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்றார் முதியவர். தொலைபேசியில் வைத்திருக்கும் பிடிஎப் கோப்பு அந்தப் படியோலை மாதிரி. வழக்கு என்று வந்தால் மாவட்ட நீதிமன்றம் கேட்பது கையெழுத்திட்ட மூலத்தை.

சரி, மூலம் எப்படி இருக்க வேண்டும்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. பிரசித்த நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்) ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையெழுத்திடலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகளாவது ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் நொத்தாரிசு இல்லாமல் இரண்டு சாட்சிகளே போதும். 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மேலே சொன்ன படிவம் கவிழ்வது இந்த இடத்தில்தான். நொத்தாரிசு என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது. காணி உறுதி முடிக்கவும் அவரிடம்தான் போகிறோம்.

இலத்திரனியல் கையெழுத்து போட்டால் என்ன என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இயற்றப்பட்டபோதே இறுதி விருப்பாவணத்தை அதற்கு வெளியே வைத்துவிட்டார்கள். ஆகவே இணையம் உதவுவது வரைவு எழுதுவது வரைக்கும். அதுவும் சின்ன உதவி இல்லை: உறுதி இலக்கங்கள், நில அளவை வரைபட இலக்கங்கள், வங்கிக் கணக்குகள், நகைகள், யாருக்கு எது என்று ஒழுங்காகத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் நொத்தாரிசுக்கும் வேலை சுலபம். அப்புறம், பங்கு கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். எழுதியபின் திருமணம் செய்தால் பழைய விருப்பாவணம் ரத்தாகிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

தன் சொத்து தனக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்வதுதான் 'எஸ்டேட் பிளானிங்'. அதைச் சில பக்கங்கள் தோட்டத் திட்டமிடல் என்று மொழிபெயர்க்கின்றன. நம் நாட்டில் அதைப் படிப்பவருக்குத் தேயிலைதான் ஞாபகம் வரும். நம்மிடம் ஆதனம் என்ற நல்ல சொல் இருக்கிறது. உள்ளூராட்சிச் சபைக்கு ஆதன வரி கட்டுகிறோம், அசையும் ஆதனம், அசையா ஆதனம் என்கிறோம். ஆதன ஒழுங்கு என்றால் போதும்.

அந்த ஒழுங்கில் அடிக்கடி குழம்புவது அற்றோணித் தத்துவம். அற்றோணி என்பது ஆங்கில 'அட்டர்னி'. ஒருவர் தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் இது. கனடாவிலிருந்து மகன் அனுப்பும் தத்துவத்தை வைத்து உப்புவெளிக் காணியைப் பராமரிக்கலாம், விற்கவும் கூடும். ஆனால் கொடுத்தவர் இறந்த அன்றே தத்துவமும் முடிந்துவிடும். அதை விருப்பாவணத்துக்கு மாற்றாக நினைத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

கந்தளாய்ப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களில் உள்ள அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்து வழங்கிய காணி, வேறு கதை. அங்கே பொதுவான வாரிசுரிமைச் சட்டம் ஓடாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை (அடுத்து காணியைப் பெறுபவரை) நியமித்துப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்றும் எழுதாமல் இறந்தால் பொதுச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பூர்வீகம் யாழ்ப்பாணமாக இருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பமென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பொருந்துமா, எது முதுசம் (பரம்பரையாக வந்தது), எது தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்ற கேள்விகளும் எழும்; அதைச் சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம்கள் விருப்பாவணத்தைச் சொல்வது வஸிய்யத் என்று. மார்க்கப்படி அது சொத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது, வாரிசாக வருபவருக்கு எழுதுவதும் கூடாது. எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது.