குமரியில் இரண்டு தடைக்காலம்: சிறு வள்ளங்கள் கடலுக்குப் போகலாமா, நிவாரணம் யாருக்கு?

மாசி, பங்குனியில் குமரிக் கடல் அடங்கிக் கிடக்கும். குளச்சல், கடியபட்டணம், முட்டம் பக்கத்து வள்ளங்கள் கரை கண்ணில் படும் தூரத்திலேயே வலை விட்டுத் திரும்பும். மணல் கரை உள்ள ஊர்களில், கரையில் நின்றபடியே இழுக்கும் பெருவலையான கரமடி இழுப்பார்கள். சாளையும் நெத்திலியும் கரை ஒதுங்கி வரும் நாட்களில் சிறு தொழிலாளியின் வீட்டில் அடுப்பு தடையில்லாமல் எரியும். சித்திரை நெருங்கும்போது ஒரு குழப்பமும் சேர்ந்தே வரும். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடை என்று செய்தியில் சொல்கிறார்கள்; அது நமக்கும் உண்டா?

விடை மூன்று விஷயங்களைப் பொறுத்தது. எந்தக் கடல், எந்த வகைப் படகு, கரையிலிருந்து எவ்வளவு தூரம்.

முதலில் கடல். தமிழ்நாட்டில் மற்றக் கடலோர மாவட்டங்களுக்கெல்லாம் ஒரே தடைக்காலம்தான். குமரிக்கு மட்டும் இரண்டு. திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி நகரம் வரை கிழக்குக் கடற்கரை. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. கன்னியாகுமரி நகரம் முதல் கேரள எல்லையில் உள்ள நீரோடி வரை மேற்குக் கடற்கரை; அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாட்கள். 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, 2017-இல் 61 நாட்களாக நீண்டது. ஆகவே சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகள் ஏப்ரல் நடுவிலேயே கட்டப்பட்டுவிடும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகள் மே கடைசி வரை தொழில் செய்யலாம். ஜூன் முதல் இரண்டு வாரம் மாவட்டம் முழுவதும் விசைப்படகு ஓடாது. தடை என்பது கடற்பகுதிக்கானது. எனவே மே மாதத்தில் மேற்கிலிருந்து புறப்படும் விசைப்படகும் கிழக்குக் கடலுக்குள் போய் வலை விட முடியாது.

அடுத்தது படகின் வகை. மாநில அரசின் தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். கட்டுமரம், நாட்டுப் படகு, எஞ்சின் பொருத்திய பைபர் வள்ளம் ஆகியவை தடைக்காலத்திலும் கரையோரக் கடலில் தொழில் செய்யலாம். கரமடிக்கும் இந்தத் தடை இல்லை. மீன் முட்டையிடும் காலத்தில் பெரிய இழுவலை கடலடியை வாரிச் செல்லக் கூடாது என்பதே தடையின் நோக்கம். கையளவு வலையோடு போகிறவரையும் கரையில் உட்கார வைப்பது நியாயமாகாது. அரசு இந்த வேறுபாட்டைக் காத்து வருவது சரியானது.

மூன்றாவதாகத் தூரம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான் மாநில அரசின் அதிகாரம். அதற்கு அப்பால் மத்திய அரசின் ஆணை செல்லும். அந்த ஆணை, எஞ்சின் இல்லாத பாரம்பரியக் கலன்களுக்கு மட்டுமே விலக்கு தருகிறது. எஞ்சின் வள்ளம் 12 மைலுக்குள் இருந்தால் தடையில்லை. சீலா மீனோ சூரை மீனோ தேடி அதைத் தாண்டினால், தடை நாட்களில் அது விதிமீறல். வள்ளத்தில் ஜிபிஎஸ் இருந்தால் இந்த எல்லையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி நிவாரணம். தடைக்காலத்தில் கடல் மீனவக் குடும்பத்துக்கு வழங்கும் தொகை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். இது தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. 61 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஏறக்குறைய 131 ரூபாய். விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளியின் குடும்பம் இதை வைத்து இரண்டு மாதம் ஓட்ட முடியாது. தொகை இன்னும் உயர வேண்டும் என்று மீனவர்கள் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் உரியதையே பெறாமல் போகிறவர்களைப் பார்ப்பதுதான் அதைவிட வேதனை. ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறு எழுத்து, குடும்ப அட்டையில் நீக்கப்படாத பழைய பெயர் என்று சின்னச் சின்னக் காரணங்களால் பணம் நின்றுவிடும். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று பங்குனிக்குள்ளேயே பார்த்துவிடுங்கள்.

இதிலிருந்து தனியானது சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒன்பது மாதத்தில் 1,500 ரூபாய் கட்ட வேண்டும். அரசுப் பங்கு 3,000 ரூபாய் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்ப வரும். மீனவ மகளிருக்கும் இதே அளவில் தனித் திட்டம் உண்டு. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்; கணவர் கட்டுகிறாரே என்று விட்டுவிட வேண்டாம். தவணையை இடையில் விடாமல் கட்டுவதும், ரசீதைப் பத்திரமாக வைப்பதும் முக்கியம்.

கரையோரத் தொழில் என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. பங்குனி, சித்திரையில் காற்றும் மழையும் இல்லாமலே திடீரென்று அலை உயர்ந்து கரையேறும். கள்ளக்கடல் என்று நம் ஊர்களில் சொல்வது அதைத்தான். தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் பேரலைகளின் விளைவு அது. ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அந்த நாளில் வள்ளத்தைத் தள்ளாதீர்கள். பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்து மருத்துவச் செலவுக்கு 25,000 வரை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. காப்பீட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் விடுபட்டிருந்தால் முதலில் கூட்டுறவுச் சங்கத்திலும், பிறகு உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அங்கே தீரவில்லை என்றால், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு அந்த ஒப்புகையின் நகலோடு போகலாம்.